செய்தித்தாளும் பள்ளிக்கூடமும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செய்தித்தாளின் தோற்றமும் வளர்ச்சியும் என்ற தலைப்பில் பேசும்படி தலைமையாசிரியர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். தலைப்பைக் கேட்டதும், "இதில் நமக்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. நம் தோட்டத்துப் பள்ளிக்கூடமும் தமிழ்ச் செய்தித்தாளும் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி மாதிரி. ஒன்று வளர்ந்தபோது மற்றதும் வளர்ந்தது. ஒன்று மெலிந்தால் மற்றதும் மெலியும். இதை உங்களுக்கு எடுத்துச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

முரசும் முச்சந்தியும்

செய்தி என்பது முதலில் மனிதன் வாயில்தான் இருந்தது. அரசன் ஆணையை முரசறைந்து சொன்னார்கள். ஊரில் தமுக்கடித்துச் சொன்னார்கள். ரோமாபுரியில் கி.மு. 59-ஆம் ஆண்டு ஜூலியஸ் சீசர் காலத்தில், அரசாங்கத்தின் அன்றாட நடவடிக்கைகளை எழுதிப் பொது இடத்தில் வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. படிக்கத் தெரிந்தவன் போய்ப் படித்துக்கொள்ளலாம். தெரியாதவன் படித்தவன் வாயைப் பார்க்க வேண்டியதுதான்.

1450-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்துக் குட்டன்பர்க், தனித்தனி ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறையைக் கொண்டுவந்தார். ஆனாலும் செய்தித்தாள் உடனே வந்துவிடவில்லை. ஸ்டிராஸ்பர்க் நகரத்தில் யோகான் கரோலஸ் என்பவர் செய்திகளைக் கையால் படியெடுத்துப் பணக்காரர்களுக்கு விற்று வந்தார். கையால் எழுதி மாளவில்லை. 1605-ஆம் ஆண்டு அதை அச்சில் ஏற்றினார். அதுவே உலகின் முதல் அச்சுச் செய்தித்தாள் என்று கொள்கிறார்கள். 1702-இல் லண்டன் மாநகரில் ஆங்கிலத்தின் முதல் நாளேடு வந்தது. ஒரே ஒரு தாள்தான்.

இந்தியாவில் 1780-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஹிக்கி என்பவர் ஆங்கில வார ஏடு ஒன்றைத் தொடங்கினார். கவர்னர் ஜெனரலையே குறை சொல்லி எழுதினார். விளைவு, சிறைவாசம். 1782-இல் அவருடைய அச்செழுத்துகளையும் பறித்துக்கொண்டார்கள். ஏடு நின்றது. அதிகாரத்தில் உள்ளவர்கள் செய்தித்தாளைக் கண்டு அஞ்சுவது அன்றே தொடங்கிவிட்டது. நம் நாட்டின் முதல் செய்தித்தாள் 1806-இல் பினாங்கில் வெளிவந்தது. அதுவும் ஆங்கிலம். கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் படிப்பதற்காக நடந்தது.

தமிழ் அச்சேறிய கதை

தமிழன் பெருமைப்பட ஒன்று உண்டு. இந்திய மொழிகளில், தன் சொந்த எழுத்திலேயே முதலில் அச்சேறியது நம் தமிழ். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூல் அச்சானது. பிறகு 1712-இல் தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்து சேர்ந்தது. அங்கும் தமிழ் நூல்கள் அச்சாயின. இவை சமய நூல்கள். தமிழில் நாட்டு நடப்பை நாள்தோறும் சொல்ல இன்னும் வெகுகாலம் பிடித்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் சென்னையில் 'சுதேசமித்திரன்' வார ஏட்டைத் தொடங்கினார். 1899-இல் அது நாளேடு ஆயிற்று. 1904-இல் பாரதியார் அங்கே துணையாசிரியராகச் சேர்ந்தார்.

ஏன் இத்தனை சுணக்கம்? பணம் ஒரு காரணம். எழுத்தும் ஒரு காரணம். ஆங்கிலத்திற்கு 26 எழுத்து. நமக்கோ 247. அச்சுக்கோப்பவர் முன்னால் சின்னச் சின்ன அறைகள் கொண்ட பெட்டி இருக்கும். எந்த அறையில் எந்த எழுத்து என்று கை அறிந்திருக்க வேண்டும். எழுத்தோ கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி இருக்கும். அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்கி, ஒரு பக்கம் கட்ட வேண்டும். அச்சடித்து முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து.

இங்கே ஒரு செய்தி. ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற எழுத்துகளுக்கு முன்பு வேறு வடிவம் இருந்தது. உங்கள் பாட்டியின் பழைய புத்தகத்தைப் பிரித்தால் லை, னை முதலியவற்றுக்கு முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு நிற்கும். 1935-இல் தந்தை பெரியார் தம் ஏட்டில் இவற்றை எளிமையாக்கி அச்சிட்டார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றுக்கொண்டது. பிறகு இந்நாட்டுப் பாடநூல்களுக்கும் வந்தது. ஆக, முதலாம் ஆண்டு மாணவன் இன்று எழுதும் எழுத்தின் வடிவம் செய்தித்தாளில் பழகிப் பிறகு பள்ளிக்கு வந்தது. அண்ணன் தம்பி என்று நான் சொன்னது சும்மா இல்லை.

நம் மண்ணில்

மலாயா சிங்கப்பூர்ப் பகுதியில் முதல் தமிழ்ச் செய்தித்தாள் 1875-இல் சிங்கப்பூரில் வந்த 'சிங்கை வர்த்தமானி' என்பர். 1887-இல் மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' என்னும் வார ஏட்டைத் தொடங்கி 1890 வரை நடத்தினார்கள். அக்காலத்தில் பினாங்கிலும் தமிழ் ஏடுகள் தோன்றின. பெரும்பாலும் துறைமுகப் பட்டினத்து வணிகர்களும் கற்றோரும் படித்தவை இவை. காடு வெட்டவும் கரும்பு நடவும் கப்பலேறி வந்த கூலிக்காரருக்கு அவை எட்டவில்லை. எட்டினாலும் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

இப்பொழுது இரண்டு ஆண்டுகளை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒன்று 1923, மற்றொன்று 1924.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும். பள்ளி என்றால் பெரிய கட்டடம் என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் லயத்து மூலையில் ஓர் அறை. வாத்தியார் என்றால் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ. இருந்தாலும் 'அ' என்ற எழுத்து பால்மரத்துக்குள் நுழைந்துவிட்டது.

1924-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசன்' ஏட்டைத் தொடங்கினார். பின்னர் அது நாளேடாக வளர்ந்தது. 1935-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' பிறந்தது. தமிழவேள் கோ. சாரங்கபாணி அதை வளர்த்தார். தொடக்கத்தில் விலை ஒரு காசு. ஏழைத் தொழிலாளியும் வாங்கட்டும் என்று வைத்த விலை அது. கள்ளுக்குப் போகும் காசில் ஒரு காசு தமிழுக்கு வரட்டுமே!

பள்ளிக்கூடம் படிக்கக் கற்றுக் கொடுத்தது. செய்தித்தாள் படிக்க எதையாவது கொடுத்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றதால் பயனில்லை.

ஒருவர் படிக்க, இருபது பேர் கேட்க

தோட்டத்தில் வீட்டுக்கு வீடு பேப்பர் வாங்கியதில்லை. எங்கள் தாத்தா சொல்வார்: டவுனிலிருந்து ரொட்டிக்காரர் சைக்கிளில் பேப்பரும் வரும். சில நாள் நேற்றைய பேப்பர், சில நாள் முந்தாநாள் பேப்பர். சாயங்காலம் கோயில் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். சுற்றி இருபது பேர். "அந்தச் சம்பளச் சேதியை இன்னொரு தரம் படிப்பா" என்று ஒரு குரல். "ஊர்ல மழை பெஞ்சிச்சாமா?" என்று இன்னொரு குரல். தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனால் ரப்பர் விலை முதல் இந்திய சுதந்திரம் வரை எல்லாம் தெரியும். காதாலேயே படித்தவர்.

படித்து முடித்த பேப்பரும் வீணாகவில்லை. பலகைச் சுவரில் பசை தடவி ஒட்டுவார்கள். பிள்ளைகள் பாயில் படுத்தபடி சுவரைப் பார்த்து எழுத்துக்கூட்டுவார்கள். எங்கள் அத்தை தலைகீழாக ஒட்டிய பக்கத்தைக்கூடப் படித்துப் பழகியவர்!

சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்

செய்தி அறிந்தவன் கேள்வி கேட்பான். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றைக் கேளுங்கள். சம வேலைக்குச் சம சம்பளம். கள்ளுக்கடையை மூடு. பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி கொடு. நல்ல மருத்துவ வசதி கொடு. இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

அன்பர்களே, சைக்கிளில் உட்கார்ந்தபடி போகும் உரிமைக்குக்கூட நம் முன்னோர் போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் ஆர்.எச். நாதன். அவர் யார்? 'தமிழ் நேசன்' ஏட்டில் துணையாசிரியராக இருந்தவர்! 1941 மே மாதம் அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். போராட்டம் முற்றியது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் போயிற்று. அன்று கேட்டவற்றுள் 'பள்ளி' என்ற சொல்லும் இருந்ததை மாணவர்கள் மறக்கக் கூடாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு இப்படியும் ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

வாசகர் எழுத்தாளர் ஆனார்

யுத்தம் முடிந்தபின் இன்னொரு மாற்றம் ஏற்பட்டது. அதுவரை பேப்பரைப் படித்தவர்கள் பேப்பருக்கு எழுதத் தொடங்கினார்கள். 1950-இல் 'தமிழ் நேசன்' ஏட்டில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கதை எப்படி எழுதுவது என்று பத்திரிகை வழியே பாடம், பயிற்சி, திருத்தம். தபால்தலை ஒட்டத் தெரிந்த எவரும் மாணவராகலாம். இந்நாட்டுச் சிறுகதை வளர்ச்சியைப் பேசுவோர் அந்த வகுப்பைச் சொல்லாமல் விடுவதில்லை. 1952 முதல் 1957 வரை கு. அழகிரிசாமி போன்ற பெரிய எழுத்தாளர் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்து நம்மவர் எழுத்தை வளர்த்தார்.

'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றத்தை நடத்திப் பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்தது. பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும், தமிழ் நூல்கள் வேண்டும் என்று 1950-களில் 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டது. நிதியில் தோட்டத்துப் பாட்டாளியின் வெள்ளியும் சேர்ந்தது. பல்கலைக்கழகத்து வாசலை மிதிக்காதவர்கள் தங்கள் பேரப்பிள்ளை மிதிப்பான் என்று கொடுத்தார்கள். 1956-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. சிறு துளி பெரு வெள்ளம் என்று சும்மாவா சொன்னார்கள்?

அச்சுக்கூடத்தின் உள்ளே

ஒரு செய்தி நம் கைக்கு வருமுன் எத்தனை கை மாறுகிறது தெரியுமா? நிருபர் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதுகிறார். யார், என்ன, எங்கே, எப்பொழுது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விக்கும் விடை இருக்க வேண்டும். துணையாசிரியர் சரிபார்த்துச் சுருக்கித் தலைப்பிடுகிறார். பிழை திருத்துபவர் எழுத்தெழுத்தாகப் பார்க்கிறார். ஆசிரியர் பொறுப்பேற்கிறார். பிறகு அச்சு.

முன்பு ஈய எழுத்து. இன்று கணினியில் பக்கம் கட்டித் தகட்டில் ஏற்றுகிறார்கள். ஆப்செட் முறையில் தகட்டில் உள்ள மை நேரே தாளில் படுவதில்லை. முதலில் ரப்பர் உறை போட்ட உருளையில் படும், அதிலிருந்து தாளில் படும். பால் வெட்டிப் பிழைத்த சனம் நாம். நாம் படிக்கும் எழுத்து ரப்பரின் மேல் ஏறித்தான் நம்மிடம் வருகிறது என்பது எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

நள்ளிரவில் அச்சாகி, விடியுமுன் லாரி ஏறுகிறது. நீங்கள் பிரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அதுவும் கிளம்பிவிடுகிறது.

இன்றைய நிலை

கசப்பாக இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். 1924-இல் பிறந்த 'தமிழ் நேசன்' 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வருவதில்லை. 94 வயது கண்ட ஏடு நின்றுவிட்டது. நஷ்டம் தாங்கவில்லை. விடுதலை பெற்ற 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்று இருபதைச் சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சனங்கள் பட்டணம் போனார்கள். பிள்ளைகள் குறைந்த இடத்தில் பள்ளி குறைந்தது. வாசகர் குறைந்த இடத்தில் ஏடு குறைந்தது.

"அதான் கைத்தொலைபேசியிலேயே எல்லாம் வருதே, பேப்பர் எதுக்கு சார்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கைத்தொலைபேசியை நான் குறை சொல்லவில்லை. இன்று செய்தித்தாள்களே அதில் வருகின்றன. 'தமிழ் முரசு' அச்சிலும் வருகிறது, இணையத்திலும் வருகிறது. நான் சொல்ல வருவது வேறு. செய்தித்தாளில் வரும் செய்திக்கு ஒரு முகவரி உண்டு. தப்பாக எழுதினால் போய்க் கேட்கலாம், மறுப்புப் போடச் சொல்லலாம், வழக்குப் போடலாம். நள்ளிரவில் யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் இவருக்கு அனுப்பி, நம் கைக்கு வரும் சேதிக்கு அப்பன் பெயர் உண்டா? "பிள்ளை பிடிக்கிறவன் வந்துட்டான்" என்று ஒரு வரி வரும். தோட்டமே கலங்கும். விசாரித்தால் ஒன்றும் இராது. ஆறு கேள்வியைக் கேட்டுப் பழகிய பிள்ளை அந்த வரியைக் கண்டதும், "எங்கே? எப்பொழுது? யார் பார்த்தது?" என்று கேட்கும். அந்தப் பழக்கத்தைத்தான் செய்தித்தாள் கற்றுக் கொடுக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், மழை பெய்தால் பள்ளிக்குப் போகும் பாதை முழங்கால் தண்ணீர். சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்குப் பெற்றோர் பலமுறை நடந்தார்கள். பலனில்லை. கைத்தொலைபேசியில் ஆளாளுக்குத் திட்டினார்கள். அதற்கும் பலனில்லை. கடைசியில் ஒரு தாயார் பத்து வரியில் ஒரு தமிழ் நாளேட்டுக்குக் கடிதம் எழுதினார். எந்தப் பாதை, எத்தனை நாளாக, எத்தனை பிள்ளைகள், யாரிடம் சொன்னோம் என்று மட்டும். கீழே தம் பெயர். கடிதம் வெளிவந்த சில நாட்களில் ஆள் வந்து பார்த்தார்கள். கால்வாய் வெட்டினார்கள். அந்தத் தாயார் படித்தது ஆறாம் ஆண்டு வரை, தமிழ்ப் பள்ளியில்.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறேன்.

பெற்றோர்களே, தினம் வாங்க முடியாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தமிழ் ஏடு வாங்குங்கள். ஒரு வீட்டால் முடியாவிட்டால் மூன்று வீடு சேர்ந்து வாங்குங்கள். படித்ததும் பிள்ளையிடம் கொடுத்து, "எனக்குப் படிச்சுக் காட்டு" என்று சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரிந்தாலும் அப்படியே சொல்லுங்கள். பிள்ளையின் நாக்கும் திருந்தும், அறிவும் வளரும்.

மாணவ மணிகளே, நாளேடுகளில் உங்களுக்கென்று பக்கம் ஒதுக்குகிறார்கள். அதற்கு எழுதுங்கள். பெரிய கதை வேண்டாம். உங்கள் தோட்டத்தில் எப்பொழுது கோயில் திருவிழா, ஆற்றில் என்ன மீன், தாத்தா பாட்டி என்ன வேலை செய்தார்கள் என்று பத்து வரி. இவை உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நீங்கள் எழுதாவிட்டால் யாரும் எழுதப் போவதில்லை.

தோட்டத்துப் பெரியவர்களே, உங்கள் பெட்டியின் அடியில் பழைய பேப்பர், பழைய ஆண்டு மலர் கிடந்தால் எரித்துவிடாதீர்கள். பள்ளிக்குக் கொடுங்கள். 'சிங்கை நேசன்' 130 ஆண்டு கடந்தும் இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பது எவரோ எடுத்து வைத்ததால்தான்.

தோட்டம் போகலாம், பெயர் மாறலாம், இந்த லயமும் ஒருநாள் வீடமைப்புத் திட்டம் ஆகலாம். நாம் இங்கே வாழ்ந்தோம், உழைத்தோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம் என்பதற்கு எழுத்துதான் சாட்சி. எழுதக் கற்றுக் கொடுக்கப் பள்ளி இருக்கிறது. எழுதியதைப் போட ஏடு இருக்கிறது. இரண்டையும் காப்பாற்றும் பொறுப்பு நம் கையில்.

பரிசு பெறும் செல்வங்களுக்கு என் வாழ்த்து. இவ்வாண்டு பெறாத செல்வங்களுக்கும் அதே வாழ்த்து.